கரண்ட் வந்ததும் பிறிட்ஜைப் போட்டவள் நான்

என் மகளுக்கு,

நாளைக் காலையில் வவுனியாவுக்குப் போகிற ஒருவர் இந்தக் கடிதத்தைக் கொண்டுபோகச் சம்மதித்திருக்கிறார். உன் கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. அதற்குள் இது கொழும்புக்கு வந்து உன் கையில் சேர்ந்தால் போதும். வயிற்றில் செய்த ஒப்பரேசன் காயம் ஆறிவிட்டது. ஆனால் தரைவழி பூட்டிக் கிடக்கிறதால் கிளாலிக் கடலில் வள்ளம் ஏறிக் குலுங்கிப் போகிற உடம்பு எனக்கு இன்னும் வரவில்லை என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நானும் இரண்டு தரம் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். உனக்குத் தாலி ஏறுகிற நேரத்தில், முன்னமே அங்கே வந்துவிட்ட அப்பா உன் பக்கத்தில் இருப்பார், நான் இங்கே கொக்குவிலில் சித்தி வீட்டு விறாந்தையில் இருப்பேன். அதை நினைத்து நீ மணவறையில் அழக்கூடாது. நான் அழ வேண்டியதை அழுது முடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் நீ எழுதிய கடிதத்தை நாலைந்து தரம் படித்தேன். மாப்பிள்ளை உன்னிடம், பொம்பிளைப் பிள்ளை இந்தக் குளிர் இயந்திர வேலைக்கு எப்படி வந்தாய் என்று கேட்டாராம். வீட்டில் ஒரு பிறிட்ஜ் பழுதாய்ப் போனது, அதிலிருந்து வந்த ஆசை என்று நீ சொன்னாயாம். அவ்வளவுதான் சொன்னாய் என்று நினைக்கிறேன். அது எப்படிப் பழுதானது, யார் பழுதாக்கியது, யார் தலையில் பழி விழுந்தது என்று நீ சொல்லியிருக்க மாட்டாய். ஒன்பது வருடமாக என்னை நீ காப்பாற்றிக்கொண்டே இருக்கிறாய். அதனால் நானே முழுக்க எழுதுகிறேன். நீ படித்து முடித்த பிறகு மாப்பிள்ளையிடமும் கொடு. இந்த வீட்டில் வளர்ந்தவள் எப்படிப்பட்டவள் என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டும். அவளைப் பெற்றவள் எப்படிப்பட்டவள் என்பதும் தெரியட்டும்.

எண்பத்துமூன்றில் அப்பாவின் கடையைத் தெற்கில் எரித்தார்கள். உடுத்த சாரத்தோடு கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியவர், ஊர்காவற்றுறை வீட்டில் ஒரு வருடம் யாரோடும் அதிகம் பேசாமல் கதிரையில் இருந்தார். பிறகு குவைத்துக்குப் போனார். முதல் லீவில் வந்தபோது கொழும்பில் அந்தப் பிறிட்ஜை வாங்கி லொறியில் ஏற்றி வந்தார். பண்ணைப் பாலத்தைத் தாண்டி அது எங்கள் ஒழுங்கைக்குள் வந்தபோது சனம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு அதில் தண்ணீர் குளிரவைப்பது பெரிய விஷயமாகப் படவில்லை. எல்லாம் இழந்த மனிதர் திரும்ப எழுந்து நின்றுவிட்டார் என்பதற்கு அதுதான் சாட்சியாக என் குசினி வாசலில் நின்றது. தினமும் ஈரத்துணியால் துடைத்தேன்.

பக்கத்து வளவுப் பரிமளம் அக்காவின் மகள் சுகந்திக்கு அப்போது ஒன்பது வயது. சின்ன வயதிலேயே சீனி வருத்தம் வந்து, இரண்டு நேரமும் இன்சுலின் ஊசி போட்டுத்தான் அந்தப் பிள்ளை உயிரோடு இருந்தது. புருசனைக் கடலுக்குக் கொடுத்த பரிமளம் அக்கா யாழ்ப்பாணத்துக்குப் போய் மருந்தை வாங்கி வந்து எங்கள் பிறிட்ஜில் வைப்பா. வழி எப்போது பூட்டுப்படும் என்று தெரியாத காலம். அதனால் கிடைக்கிற நேரம் இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வைப்பது வழக்கம். அந்தச் சின்னப் போத்தில்கள் இருந்த மேல்தட்டில் நான் வேறொன்றும் வைப்பதில்லை.

எண்பத்தாறு சித்திரையில் கரண்ட் ஒழுங்காக இருந்த நாளே குறைவு. போகும், வரும், ஒரு நிமிடத்தில் திரும்பப் போகும். நீ அப்போது பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதுகிற ஏ. எல். சோதினைக்குக் கணிதம் படித்துக்கொண்டிருந்தாய். கரண்ட் போய்க் கனநேரம் கழித்து வந்தால் பிறிட்ஜ் சாதாரணமாக ஓடத் தொடங்குகிறது, போன சூட்டோடு திரும்பி வந்தால் மட்டும் உறுமுகிறது, லைட் மங்குகிறது, பிறகு பின்பக்கத்தில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டு நின்றுவிடுகிறது என்பதை வீட்டில் முதலில் கவனித்தவள் நீதான். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நேரம் குறித்து வைத்தாய். ஐந்து நிமிடம் விட்டுப் போட்டால் ஒருநாளும் உறுமுவதில்லை என்று கண்டுபிடித்தாய். பிறகு ஒரு கடதாசியில் "கரண்ட் வந்தால் ஐந்து நிமிடம் பொறுத்துப் போடவும்" என்று எழுதிக் கதவில் ஒட்டினாய். கரண்ட் போனதும் ஓடிப்போய்ப் பிளக்கைக் கழற்றுவாய். எனக்கு அது பிடிக்கவில்லை. என் வீட்டில், என் பிறிட்ஜில், எனக்கே கட்டளை எழுதி ஒட்டியிருக்கிறாளே என்று இருந்தது. வெளியில் சொல்லவில்லை, ஆனால் ஒவ்வொரு தரமும் அந்தக் கடதாசியைப் பார்க்க உள்ளுக்குள் எரிந்தது.

அந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நீ ரியூசனுக்குப் போக வெளிக்கிட்ட நேரம் கரண்ட் போனது. பிளக்கைக் கழற்றிவிட்டு, செருப்பைப் போட்டபடி, "அம்மா, வந்த உடனே போடாதேங்கோ. லைட் நிலையா நிண்டு அஞ்சு நிமிசம் ஆன பிறகு போடுங்கோ" என்றாய். ஓம் என்றேன். நீ படலையைத் தாண்டின கையோடு பரிமளம் அக்கா வந்தா. முதல்நாள்தான் மூன்று மாத மருந்தும் வாங்கி வைத்திருந்தா. வெயில் கொதிக்கிறது, மருந்து பழுதாகாதோ என்று கேட்டா. அவவின் முகத்தைப் பார்க்க எனக்கும் பதற்றம் வந்துவிட்டது. லைட் எரிந்ததும் பிளக்கைச் செருகினேன். உறுமியது, டக்கென்று நின்றது. திரும்பக் கரண்ட் போனது, வந்தது. நான் கழற்றிக் கழற்றிச் செருகினேன். ஆறேழு தரம் செய்திருப்பேன். கடைசித் தரம் உறுமல் நீளமாகக் கேட்டது. இலேசாக ஏதோ கருகிய மணம் வந்தது. அடுப்பில் ஏதோ என்று நினைத்தேன். கதவைத் திறந்து பார்த்தேன், உள்ளே லைட் பளிச்சென்று எரிந்தது. வேலை செய்கிறது என்று பரிமளம் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். பின்னேரம் நீ வரும்வரை அந்த லைட்டை நம்பிக்கொண்டிருந்தேன்.

நீ வந்ததும் சைக்கிளைச் சாத்திவிட்டு நேரே குசினிக்கு வந்தாய். பிறிட்ஜின் பக்கத்தில் காதை வைத்தாய். கையைப் பின்னால் விட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, இது ஓடேல்லை" என்றாய். உள்ளே பட்டர் உருகி வழிந்திருந்தது. நான் என்ன செய்தேன் என்று நீ கேட்கவில்லை. ஏன் சொன்னதைக் கேட்கவில்லை என்றும் கேட்கவில்லை. சுகந்தியின் போத்தில்களை எடுத்து மேசையில் வைத்துவிட்டு வளவுக்குள் ஓடினாய். பெரிய மண்பானையின் அடியில் மணலைப் போட்டு, அதற்குள் சின்னப் பானையை இறக்கி, இரண்டுக்கும் நடுவில் மணலை நிரப்பித் தண்ணீர் ஊற்றினாய். போத்தில்களைச் சீலைத்துண்டில் சுற்றி உள்ளே வைத்து, நனைத்த சாக்கால் மூடி, காற்று வருகிற யன்னலுக்குக் கீழே வைத்தாய். அன்று பின்னேரமே ஊரடங்கு போட்டார்கள். ஆறு நாள் ஒழுங்கையை விட்டு யாராலும் அசைய முடியவில்லை. அந்த ஆறு நாளும் மணல் காயக் காய நீ தண்ணீர் ஊற்றினாய். பரிமளம் அக்கா ஒவ்வொரு ஊசிக்கும் வந்து மருந்தை வாங்கிப் போனா. ஊரடங்கு எடுத்த அன்றைக்கே நீ மிச்சப் போத்தில்களைக் கொண்டுபோய் ஆசுப்பத்திரி டொக்டரிடம் காட்டினாய். அவர் பார்த்துவிட்டு, மருந்து பழுதாகவில்லை, இந்தப் பானையிலேயே தொடர்ந்து வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். நீ வந்து சொன்னபோது பரிமளம் அக்கா உன் இரண்டு கையையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்தா. நான் குசினிக்குள் நின்று பார்த்தேன். வெளியே வரவில்லை. பெருமையாகவும் இருந்தது, உன் முன்னால் வரக் கூச்சமாகவும் இருந்தது.

இனித்தான் நான் சொல்ல வேண்டியது. பத்துப் பதினைந்து நாள் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து யோகராசா என்ற மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். பின்பக்கத்தைத் திருப்பி, கறுப்புக் குண்டுபோல இருக்கிற அந்தக் கொம்பிரசரில் வயரை வைத்துச் சோதித்துவிட்டு, உள்ளே மோட்டர்க் கம்பி எரிந்துவிட்டது என்றார். பிறகு தலையைத் தூக்கி, கரண்ட் வந்து வந்து போன நேரம் இதை யார் உடனுக்குடன் போட்டது என்று கேட்டார். அந்நியன் ஒருவனுக்கு முன்னால், உனக்கும் முன்னால், நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பிள்ளைதான். எந்த நேரமும் பிளக்கை இழுத்து இழுத்து விடுறவள்" என்றேன்.

நீ என்னை ஒரு தரம் பார்த்தாய். பிறகு அவருக்குத் தேத்தண்ணி போட உள்ளே போனாய். அவர் கதவில் ஒட்டியிருந்த கடதாசியைப் பார்த்தார். நீ தேத்தண்ணியோடு வந்ததும், இது ஆர் எழுதினது என்று கேட்டார். நான் என்று மெல்லச் சொன்னாய். அவர் உன்னையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "எழுதியிருக்கிறது சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்கு அப்போதே தெரியும். அவர் போனதும் அந்தக் கடதாசியைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அன்று மாலையே அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன், அதிலும் உன்னைத்தான் எழுதினேன். அவர் நெருப்பு வெயிலில் நின்று வாங்கித் தந்ததை நான் எரித்துவிட்டேன் என்று எழுத எனக்குத் துணிவு வரவில்லை.

அப்பாவின் பதில் உன் பெயருக்குத்தான் வந்தது. அதில் என்ன எழுதியிருந்தார் என்பது உனக்குத் தெரியும், திரும்ப எழுத மனம் வரவில்லை. நீ நின்றபடியே படித்தாய். மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாய். அடுத்த நாள் பதில் எழுதி என்னிடம் முத்திரை ஒட்டக் கொடுத்தபோது, என்ன எழுதினாய் என்று கேட்டேன். அங்கே வெயில் எப்படி, காலில் இருந்த புண் ஆறிவிட்டதா என்று கேட்டு எழுதியதாகச் சொன்னாய். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கனகாலம் கழித்துத்தான் உன்னிடம் கேட்டேன். "என்னோட கோவிச்சால் அப்பா ரெண்டு மாசத்தில மறந்திடுவார். உங்களோட கோவிச்சால் அங்க தனிய இருந்து யோசிச்சுக்கொண்டே இருப்பார் அம்மா" என்றாய். பதினேழு வயதில் அப்படி நினைத்திருக்கிறாய். நான் அந்த வயதில் எப்படி இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

உனக்குக் கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்கு இடம் கிடைத்தபோது அப்பா லீவில் வந்து நின்றார். கடிதம் வந்த அன்று ஒழுங்கை முழுக்கச் சந்தோசம். அப்பா மட்டும் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அனுப்ப ஏலாது என்றார். தெற்கில் தன் கடை எரிந்ததைப் பார்த்த மனிதர், அவருக்கு அந்தத் திசையே பயம். அதைச் சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். ஆனால் பயத்தைச் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. "வீட்டில இருந்த ஒரு பெட்டியைப் பாக்கத் தெரியாதவள் மெசின் படிக்கப் போறாவோ?" என்றார். நீ சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை, சாப்பிடவும் இல்லை. தலையைக் குனிந்தபடி இருந்தாய். அப்போதும் நீ வாய் திறக்க மாட்டாய் என்று எனக்குத் தெரிந்தது. நானும் வாய் திறக்காவிட்டால் உன் வாழ்க்கை அந்தச் சோற்றுக் கோப்பையோடு முடிந்துவிடும் என்றும் தெரிந்தது.

"இஞ்சாருங்கோ, அதை எரிச்சது இவள் இல்லை. நான். இவள் பொறுத்துப் போடச் சொல்லிப்போட்டுத்தான் போனவள். கேளாமல் போட்டனான். பழியை இவளில போட்டதும் நான்தான்" என்றேன். அப்பா கையைக் கழுவினார். "நீர் ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்று கேட்டார். சொல்ல ஏலாமல் போச்சு என்றேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. உன்னோடும் பேசவில்லை. உனக்கு எழுதிய கடிதத்தை நினைத்துத்தான் அப்படி இருந்தார் என்று பிறகு சொன்னார்.

அடுத்த நாள் காலையில் உன்னைக் கூப்பிட்டு, அது ஏன் எரிந்தது என்று தனக்கு விளக்கச் சொன்னார். நீ கடதாசி பேனை ஒன்றும் எடுக்கவில்லை. சைக்கிள் பம்பைக் கொண்டுவந்தாய். காற்று வெளியே போகிற குழாய் வாயை உன் பெருவிரலால் இறுக்கி அடைத்துக்கொண்டு, "தள்ளுங்கோ அப்பா" என்றாய். அவர் பாதிவரை தள்ளினார். அப்படியே பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலிருந்து திரும்பத் தள்ளச் சொன்னாய். அவருடைய கை நரம்பெல்லாம் புடைத்தது, பம்ப் அசையவில்லை. "ஏலாது பிள்ளை" என்றார். நீ விரலை எடுத்தாய். காற்று சீறிக்கொண்டு போனது. "இப்ப தள்ளிப் பாருங்கோ" என்றாய். ஒரு விரலால் தள்ளினதுபோலப் போனது. கொம்பிரசர் ஓடும்போது வாயுவை ஒரு பக்கத்தில் நெருக்கி வைக்கிறது, கரண்ட் போனால் அந்த நெருக்கம் உடனே குறையாது, இரண்டு பக்கமும் சமப்பட நாலைந்து நிமிடம் வேண்டும், அதற்கு முன் கரண்ட் வந்தால் மோட்டர் சுற்ற முடியாமல் நின்ற நிலையிலேயே கரண்டை இழுத்து இழுத்துச் சூடாகிறது என்று சொன்னாய். டக்கென்று கேட்பது அதைக் காப்பாற்றுகிற சின்னச் சுவிச், அது எத்தனை தரம்தான் காப்பாற்றும் என்றாய். கரண்ட் வந்த கையோடு ஊர் முழுக்க லைட்டும் மோட்டரும் ஒன்றாக இழுப்பதால் வலுவும் குறைந்துதான் வருகிறது, வலுக் குறைந்தால் மோட்டருக்குத் தொடங்கும் பலமும் குறைகிறது என்று அதையும் சொன்னாய். நான் குசினிக் கதவோடு நின்று கேட்டேன். அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது.

அப்பா பம்பை இன்னும் இரண்டு தரம் தள்ளிப் பார்த்தார். பிறகு அதைச் சுவரில் சாத்திவிட்டு, "எப்ப போகோணும்?" என்று கேட்டார். நீ திகதியைச் சொன்னாய். "நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றார். எண்பத்துமூன்றுக்குப் பிறகு, குவைத்துக்குப் போக வரக் கொழும்பால் போனதைத் தவிர, தெற்கில் வேறெங்கும் கால் வைக்காத மனிதர். உன் பெட்டியைத் தன் கையில் தூக்கிக்கொண்டு உன்னோடு பஸ் ஏறினார். உன்னை விடுதி வாசலில் விட்டுவிட்டு இரண்டு நாள் அந்த ஊரிலேயே நின்று, நீ வகுப்புக்குப் போய் வருவதைத் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறார். அது உனக்குத் தெரியாது. சொல்ல வேண்டாம் என்றிருந்தார். இப்போது சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீ உன் கையால் செய்தது. பல்கலைக்கழகம் திறப்பதும் பூட்டுவதுமாக வருடங்கள் போயின. குவைத்தில் சண்டை வந்து அப்பா மூட்டை முடிச்சோடு திரும்பி வந்தார். அதே வருடம் இங்கேயும் சண்டை மூண்டு, எங்களுக்குக் கரண்டும் போய், ஊர்காவற்றுறை வீடும் போனது. நீ ஒன்றையும் விடவில்லை. இன்றைக்குக் கொழும்பில் ஒரு பெரிய ஆசுப்பத்திரியின் மருந்துக் குளிர் அறைகள் உன் பொறுப்பில் ஓடுகின்றன. கரண்ட் வந்தாலும் இத்தனை நிமிடம் கழித்துத்தான் தொடங்க வேண்டும் என்று நீயே ஒரு சின்னப் பெட்டி செய்து எல்லா இயந்திரத்துக்கும் பொருத்தியிருக்கிறாயாம். அப்பா எழுதியிருந்தார். சுகந்திக்கு இப்போது பதினெட்டு வயது. ஏ. எல். படிக்கிறாள். உன்னைப்போல வர வேண்டுமாம், போன கிழமை வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

மகள், எனக்கு உன்னிடம் சொல்ல இரண்டு விஷயம்தான் இருக்கிறது. பிழை விட்டால் அன்றைக்கே சொல்லிவிடு. நான் ஒரு வருடத்துக்கு மேல் சுமந்தேன். அந்தக் காலத்தில் உன் முகத்தை நேராகப் பார்த்து ஒரு வாய் சோறு போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. மற்றது, செய்யாத பிழையை யாருக்காகவும் சுமக்காதே. நீ எனக்காகச் சுமந்தாய், அதை நினைக்க இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் கல்யாணம் செய்து போகிற வீட்டில் அதைப் பழக்கமாக்கிவிடாதே. நீ பேசாமல் இருந்தால் நல்ல மனிதர்கூட உன்னைப் பிழையாக விளங்கிக்கொள்வார். அப்பாவும் பிழையாகத்தானே விளங்கிக்கொண்டார்? மாப்பிள்ளை நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவரிடம் வாய் திறந்து பேசு. நீ சரி என்று தெரிந்த இடத்தில் நீ சரி என்று சொல்.

கடைசியாக ஒன்று. கல்யாணக் கார்ட்டில் உன் பெயருக்குப் பின்னால் படிப்பைப் போட வேண்டாம், மாப்பிள்ளை வீட்டார் பெருமை பேசுவதாக நினைப்பார்கள் என்று நீ அப்பாவிடம் சொன்னாயாம். அதனால் வெறும் பெயரோடு அச்சடித்து, எனக்கு இங்கே கொடுக்க நாற்பது கார்ட் அனுப்பியிருந்தீர்கள். நேற்று மத்தியானம் மேசையில் உட்கார்ந்து, நாற்பதிலும் உன் பெயருக்குப் பக்கத்தில் "பொறியியலாளர்" என்று என் கையால் எழுதினேன். என் எழுத்துக் கோணலாகத்தான் இருக்கிறது, ஆனால் நல்ல கறுப்பு மையில், பெரிதாக எழுதியிருக்கிறேன். பின்னேரமே வீடு வீடாகக் கொடுத்தும் முடித்துவிட்டேன். இனி நீ கோவித்தும் பயனில்லை.

என்றும் உன்
அம்மா